வா இந்தானின் பக்கம்

கடை மூடிப் பதினோரு வருடமாயிற்று.
555 நோட்டுகள் இன்னும் பிஸ்கட் டின்னில்.
கரப்பான் தின்றது போக அறுபத்து மூன்று.
ஒன்றில் மட்டும்
பெயருக்குக் கீழே தேதி இல்லை, தொகை இல்லை.
மாமனாரின் சாய்ந்த எழுத்தில் ஒரே வரி:
"உப்பு. இவளிடம் கேட்காதே."

செவ்வாய்க்கிழமை போய்விட்டாளாம்.
பெட்ரோல் நிலையத்தில் வேலை பார்க்கும் பேரன்
மோட்டாரை நிறுத்தாமலே சொன்னான்.
அழுகை ஹெல்மெட்டுக்குள் இருந்தது.

சுங்காய் பட்டணத்தில் அவளைத் தெரியாதவர் இல்லை
என்று சொல்லிவிடலாம். பொய்.
தெரிந்ததெல்லாம் அவள் கூடை.
பஸ் நிலையத்து ஓரம், ஆ ஹெங் கோழிக்கடை நிழலில்
பெத்தாய்க் கொத்து, மூங்கில் குருத்து,
மழைக்காலமானால் பெயர் தெரியாத ஒரு புளிப்புப் பழம்.
"சாக்காய்க்காரி வந்துட்டா" என்பாள் மாமியார்.
நானும் சொன்னேன், அவள் காதில் விழ.
வசவென்று தெரிந்து சொன்னேனா, தெரியாமலா?
நாற்பது வருடமாக
இந்த ஒரு வரி மட்டும் கூட்டலில் உதைக்கிறது.

செமாய் பேச்சில் பெண்பிள்ளை பெயருக்கு முன்னால் 'வா' வரும்.
லயத்துப் பிள்ளைகளுக்கு அது போதாதா?
வா இந்தான், வா! வா இந்தான், வா!
கத்திக்கொண்டு ஓடும்.
அவளும் வருவாள்,
வெற்றிலைச் சிவப்பில் எல்லாப் பல்லும் தெரிய.

ஒருநாள் மருந்து வியாபாரி
குரங்குக்குச் சட்டை மாட்டி ஆடவிட்டான்.
ஊரே சிரித்தது.
மிருகத்தைப் பார்த்துச் சிரித்தால் இடி இறங்கும் என்று
கூடையைப் போட்டது போட்டபடி எழுந்து போனாள்.
சாயங்காலம் பஸ் நிலையத்துத் தகரம்
மணியக்காரர் வீட்டுக் கொய்யாவில் தொங்கியது.
அதற்கும் சிரித்தோம். கொஞ்சம் மெதுவாக.

தோட்டம் கைமாறிய வருடம்.
கித்தா மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள்.
மூன்று மாதச் சம்பளம் யார் சட்டைப்பையிலோ.
மொத்த வியாபாரி எங்களுக்கும் கடன் நிறுத்தினான்.
எனக்கு ஏழாம் மாதம்.
ஆள் எண்ண யாரும் வராத பெரட்டுக் களத்தில்
விடியலில் மரவள்ளிக் கிழங்கு குவிந்து கிடந்தது,
மண்ணோடு, ஈரத்தோடு.
அவளும் மூன்று மகள்களும்
இடுப்பில் பேரப்பிள்ளைகளோடு சுமந்து வந்தது.
மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும்.
மொத்தம் இருபது நாள்.

"தெரிமா காசே" என்று கையைப் பிடித்தேன்.
முகம் சுருங்கிக் கையை உதறிவிட்டாள்.
பிறகு மகள் சொல்லித்தான் தெரியும்:
நன்றி சொன்னால்,
எவ்வளவு கொடுத்தாள் என்று
மனசுக்குள் நிறுத்துப் பார்த்ததாகிவிடுமாம்.
தராசு தொங்கும் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள் நான்,
எனக்கு எப்படித் தெரியும்?

அடக்கத்துக்குப் போனேன்.
ஸ்லிம் ரிவர் ஆஸ்பத்திரியில் தாதியாயிருக்கும் பேத்தி
வேலை உடுப்போடு வந்திருந்தாள்.
குழிக்குள் அவள் சீப்பு, வெற்றிலைப் பை,
ஒரு காது உடைந்த மூக்குக்கண்ணாடி.
கண்ணாடி போட்டு அவள் எதைப் பார்த்தாள்?
கூடைக்கு மேலே நான் முகம் பார்த்ததே குறைவு.
பத்துப் பொட்டலம் உப்பு கொண்டுபோனேன்.
எதற்கென்று ஒருவரும் கேட்கவில்லை.
கொள்ளுப்பேரன் ஒன்றைக் கிழித்து நக்கிப் பார்த்தான்.

பெயரைச் சொல்லாதே என்றார்கள்,
போகிறவள் திரும்பிப் பார்ப்பாள்.
மற்றவர் சொன்னால் அது பெயர்.
என் பாஷையில் சொன்னால் கூப்பிட்டதாகிவிடும்.
வாயை இறுக்கிக்கொண்டு நடந்தேன்.
செம்பனைக் குலை ஏற்றிய லாரிக்கு
ஒதுங்கி நின்றபோதுதான் தெரிந்தது,
உதட்டைக் கடித்திருக்கிறேன்,
உப்புக் கரித்தது.

ஏழு நாள் போகட்டும், அப்புறம் சொல்லலாம் என்றார்கள்.
டின்னைத் திறந்துவைத்துக்கொண்டு
விரல் மடக்கி எண்ணுகிறேன்.
எண்ணுவது அவளுக்குப் பிடிக்காது.